போலந்தில் எது பழசு, எது புதுசு

வார்சாவின் பழைய நகரச் சதுக்கத்தில் நின்று, வரிசையாக இருக்கும் மஞ்சளும் சிவப்பும் பச்சையுமான வீடுகளைப் பார்த்து, "அடேயப்பா, எத்தனை நூற்றாண்டுப் பழசு!" என்று வாய் பிளக்காதவர்கள் குறைவு. அந்த வீடுகளில் பெரும்பாலானவை உங்கள் தாத்தாவைவிட இளையவை. சதுக்கத்தை மறுபடி கட்டித் திறந்தது 1953இல். அப்படியிருந்தும் 1980இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. முப்பது வயதுகூட ஆகாத கட்டடங்களுக்கு எப்படி அந்த மரியாதை கிடைத்தது என்று புரிந்துவிட்டால், போலந்தின் மற்ற ஊர்களும் ஓரளவு பிடிபட்டுவிடும்.

படிக்கவோ வேலைக்கோ புதிதாக வருகிறவர்களுக்கு முதல் சில மாதங்கள் இருப்பிட அட்டை, வாடகை வீடு, குளிர்கால ஜாக்கெட் என்றே ஓடிவிடும். அப்புறம் ஒரு வார இறுதியில் ரயிலேறி ஊர் சுற்றக் கிளம்பினால் எல்லா ஊரும் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். நடுவில் ஒரு பெரிய சதுக்கம், அதற்குள் நகர மன்றம், பக்கத்தில் வானுயர்ந்த செங்கல் தேவாலயம், சுற்றிலும் வண்ண வீடுகள். சதுக்கத்துக்கு இங்கே ரினெக் என்று பெயர், சந்தை என்று பொருள். வழிகாட்டிப் புத்தகம் கட்டடத்தின் நூற்றாண்டையும் பாணியையும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். இதை யார் கட்டினார்கள், அவர்கள் எங்கே போனார்கள், இப்போது குடியிருப்பவர்களின் தாத்தா பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று கேட்டால்தான் ஒரு ரினெக்குக்கும் இன்னொரு ரினெக்குக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

அதற்கு முன் உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இதில் தடுமாறாதவர் யாருமில்லை. எல் எழுத்தின் குறுக்கே கோடு கிழித்திருந்தால் அது ஆங்கிலத்து டபிள்யூ ஒலி. டபிள்யூ என்று எழுதியிருந்தால் அது வி ஒலி, சொல்லின் கடைசியில் வந்தால் ஃப். ஓ மேலே ஒரு கீற்று இருந்தால் ஊ. ஆகவே பலகையில் 'லோட்ஸ்' மாதிரி தெரியும் ஊரை வாயால் சொல்லும்போது 'வூச்'. ஆங்கிலத்தில் எழுதியதைப் பார்த்து 'ராக்ளா' என்று பலர் படிக்கும் ஊர் வ்ரொத்ஸ்வாஃப். கிராக்கோவ் என்று நாம் பழகியது கிராகூஃப். வார்சா அவர்களுக்கு வர்ஷாவா. வூச் என்பதை முதல் தடவையே சரியாகச் சொல்லிவிட்டால் எதிரில் இருப்பவர் முகம் மலர்ந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இரண்டு ஆண்டுகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: 1795, 1945.

பத்தாம் நூற்றாண்டில், 966இல், மியெஷ்கோ என்ற ஆட்சியாளர் ஞானஸ்நானம் பெற்றதிலிருந்து தங்கள் நாட்டின் கதையைத் தொடங்குவது போலந்துக்காரர்களின் வழக்கம். 1569இல் லூப்ளின் நகரில் லித்துவேனியாவுடன் ஒன்றியமாகி, ஐரோப்பாவின் மிகப் பெரிய நாடுகளில் ஒன்றாக இருந்தது. அப்புறம் ரஷ்யாவும் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து 1772, 1793, 1795 என மூன்று தவணையாக அதை வெட்டிப் பங்கு போட்டுக்கொண்டன. இடையில் 1791 மே 3 அன்று, ஐரோப்பாவின் முதல் நவீன எழுத்து அரசமைப்பு என்று அவர்கள் இன்றைக்கும் பெருமையோடு சொல்லும் சட்டத்தை இயற்றினார்கள். நான்கே ஆண்டுகளில் அந்தச் சட்டம் ஆள்வதற்கு நாடே இல்லை. 1918 நவம்பர் வரை, 123 ஆண்டுகள், வரைபடத்தில் போலந்து கிடையாது.

நாடு இல்லாமல் ஒரு தேசம் 123 ஆண்டுகள் எதைப் பிடித்துக்கொண்டு இருக்கும்? மொழி, தேவாலயம், கவிதை, கல்லறை. இவைதான். இவர்களின் தேசிய கீதம் பிறந்தது இத்தாலியில். நெப்போலியனின் படையோடு சேர்ந்து போரிட்ட போலந்துப் படைப்பிரிவுகளுக்காக 1797இல் யூசெஃப் விபித்ஸ்கி எழுதியது. போலந்து இன்னும் அழிந்துவிடவில்லை என்றுதான் அது தொடங்குகிறது. வார்சாவில் பிறந்த மரியா ஸ்க்வொதொஃப்ஸ்கா, அதாவது நாம் பள்ளிக்கூடத்தில் படித்த மேரி கியூரி, ரஷ்ய ஆட்சியில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்ததால் ரகசிய வகுப்புகளில் படித்துவிட்டுப் பாரிஸ் போனவர். 1898இல் கண்டுபிடித்த தனிமத்துக்குப் பொலோனியம் என்று பெயர் வைத்தபோது அப்படியொரு நாடு வரைபடத்தில் இல்லை. வேதியியல் அட்டவணையில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பாரம்பரியம் என்று பேச ஆரம்பித்தால் குரல் கொஞ்சம் கனத்துவிடுவதற்கு இதுதான் காரணம்.

மூன்று பேர் ஆண்ட தடயம் இன்னும் போகவில்லை. ரயில் வரைபடத்தைப் பாருங்கள், பிரஷ்யா ஆண்ட மேற்கில் தண்டவாளம் வலை மாதிரி பின்னியிருக்கும், ரஷ்யா ஆண்ட கிழக்கில் அங்கொன்றும் இங்கொன்றும். போஸ்நான் பிரஷ்யாவின் பங்கில் இருந்த ஊர். 1910இல் ஜெர்மானியப் பேரரசருக்குக் கட்டிய அரண்மனை இன்னும் ஊர் நடுவே கனமாக உட்கார்ந்திருக்கிறது. அங்கே வளர்ந்தவர்களுக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும் என்பதால்தான் 1929இல் போலந்து ராணுவம் போஸ்நான் பல்கலைக்கழகக் கணித மாணவர்களுக்கு ரகசியமாகச் சங்கேத எழுத்து வகுப்பு நடத்தியது. அந்த வகுப்பில் படித்த மரியான் ரெயெஃப்ஸ்கி 1932 டிசம்பரில் ஜெர்மனியின் எனிக்மா என்ற சங்கேத இயந்திரத்தின் பூட்டைத் திறந்தார். 1939 ஜூலையில், போருக்கு ஐந்து வாரம் முன்பு, போலந்து அந்த வித்தையை பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கைமாற்றிக் கொடுத்தது. எனிக்மா என்றதும் எல்லோரும் இங்கிலாந்தையே சொல்வது போஸ்நான்காரர்களுக்குப் பிடிக்காத விஷயம், நியாயமும்கூட. இது தெரியாமல் போகிறவர்கள் நகர மன்ற மணிக்கூண்டில் நண்பகலில் இரண்டு பொம்மை ஆடுகள் முட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதையும் பாருங்கள், பன்னிரண்டு முட்டு, குழந்தைகள் எண்ணிக்கொண்டே நிற்பார்கள்.

ஆஸ்திரியாவின் பங்கில் பிடி கொஞ்சம் தளர்வு. 1860களுக்குப் பிறகு அங்கே போலிஷ் மொழியில் படிக்கலாம், பல்கலைக்கழகம் நடத்தலாம். கிராகூஃப் அந்தப் பகுதி. அதனால்தான் நாடு இல்லாத காலத்தில் அந்த ஊர் தேசத்தின் பூஜையறை மாதிரி ஆனது.

கிராகூஃபின் தனிச்சிறப்பு, அங்கே பார்ப்பது பெரும்பாலும் அசல். 1241இல் மங்கோலியர் படையெடுப்பில் ஊர் நாசமான பின், 1257இல் புதிதாக அளந்து போட்ட தெருக்கள்தான் இன்றைக்கும் இருப்பவை. ரினெக்கின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 200 மீட்டர். வாவெல் குன்றின் மேல் அரசர்களின் கோட்டையும் அவர்கள் முடிசூடி, புதைக்கப்பட்ட பேராலயமும் இருக்கின்றன. 1364இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் கோப்பர்நிக்கஸ் படித்தார். 1596இல் மூன்றாம் ஜிக்முந்த் அரசர் அரசவையை வார்சாவுக்கு நகர்த்தத் தொடங்கியதிலிருந்து இன்று வரை கிராகூஃப்காரர்களுக்கு வார்சா மேல் ஒரு சின்னப் பொருமல் உண்டு. இரண்டு ஊர்க்காரர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் அரை மணி நேரத்தில் அது வெளியே வந்துவிடும்.

மரியன்னை தேவாலயக் கோபுரத்திலிருந்து ஒவ்வொரு மணிக்கும் ஊதுகொம்பு ஒலிக்கும். நான்கு திசைக்கும் ஒவ்வொரு தடவை, நடுவில் சட்டென்று அறுந்துபோகும். எதிரி வருவதைக் கண்டு எச்சரித்த காவலனின் தொண்டையில் அம்பு பாய்ந்ததால் அந்த இடத்தில் நின்றுவிட்டது என்று சொல்வார்கள். அழகான கதைதான். ஆனால் அது எழுத்தில் பரவியதே இருபதாம் நூற்றாண்டில்தான். ஊதுகிறவர்கள் தீயணைப்புத் துறை ஊழியர்கள். நண்பகல் ஊதலை தேசிய வானொலி 1927 முதல் ஒலிபரப்புகிறது. கதை பொய்யோ மெய்யோ, நாடு முழுக்கக் கேட்டுக் கேட்டு அது உண்மையாகவே ஒரு பாரம்பரியமாகிவிட்டது. அதே தேவாலயத்தில் வித் ஸ்த்வோஷ் 1477 முதல் 1489 வரை செதுக்கிய மரப் பீடம் இருக்கிறது. போரின்போது ஜெர்மானியர்கள் பெயர்த்து எடுத்துப்போய், 1946இல் நூரம்பர்கிலிருந்து மீட்டு வந்தது. லியனார்தோ வரைந்த, மடியில் கீரி போன்ற பிராணியை வைத்திருக்கும் பெண்ணின் ஓவியமும் இதே ஊரில்தான். அதையும் தூக்கிப்போய் நாஜி ஆளுநர் தன் மாளிகையில் மாட்டிவைத்திருந்தார்.

ஊர் பிழைத்தது, ஊரார் எல்லோரும் பிழைக்கவில்லை. கஜிமியெஷ் பகுதி இன்று காபிக் கடைகளும் இசையும் நிறைந்த இடம். போருக்கு முன் கிராகூஃபில் அறுபதாயிரம் யூதர்களுக்கு மேல் வாழ்ந்தார்கள், கஜிமியெஷ்தான் அவர்கள் பேட்டை. தொழுகைக் கூடங்கள் இருக்கின்றன, தொழுகிறவர்கள் மிகக் குறைவு. போலந்து முழுவதும் சேர்த்து முப்பது லட்சத்துக்கும் மேலான யூதக் குடிமக்களில் பத்தில் ஒன்பது பேர் கொல்லப்பட்டார்கள். கிராகூஃபிலிருந்து மேற்கே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது ஒஷ்வியென்ச்சிம், உலகம் அறிந்த ஜெர்மன் பெயரில் அவுஷ்விட்ஸ். சுமார் பதினொரு லட்சம் பேர் அங்கே கொல்லப்பட்டார்கள், அவர்களில் பத்து லட்சம் பேர் யூதர்கள். பேச்சுவாக்கில் "போலந்து வதைமுகாம்" என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அது போலந்து மண்ணில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பாளர் நடத்தியது. போலந்து அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் அதன் பெயரையே ஜெர்மன் நாஜி முகாம் என்று தெளிவாக மாற்றினார்கள். அதே சமயம் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1941இல் யெத்வாப்னே என்ற சிற்றூரில் யூதர்களைக் கொன்றவர்கள் அவர்களுடைய போலந்து அண்டை வீட்டார். 2001இல் குடியரசுத் தலைவர் அங்கே போய் மன்னிப்புக் கேட்டார். அதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொண்டு வருவதுதான் நல்லது, ஒன்றை மட்டும் சொல்பவர்கள் இரு தரப்பிலும் இருக்கிறார்கள்.

கிராகூஃபில் ஒரு அரை நாள் டிராம் ஏறி நோவா ஹூத்தா போய்ப் பாருங்கள் என்பேன். 1949இல் தொடங்கி, கம்யூனிஸ்ட் ஆட்சியில், லெனின் பெயரில் உருக்காலையும் அதன் தொழிலாளர்களுக்கு ஒரு முழு நகரமும் கட்டினார்கள். அகலத் தெருக்கள், பூங்காக்கள், எல்லாம் உண்டு. கோயில் மட்டும் திட்டத்தில் இல்லை. 1960இல் நட்டிருந்த சிலுவையைப் பிடுங்க வந்தபோது தொழிலாளிகளே தெருவில் இறங்கிவிட்டார்கள். கடைசியில் 1977இல் ஒரு தேவாலயம் எழுந்தது. அதை அர்ச்சித்த கர்தினால் அடுத்த ஆண்டே இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், அதாவது இரண்டாம் ஜான் பால், என்ற திருத்தந்தை ஆனார்.

இப்போது வார்சா. ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்து 1944 ஆகஸ்ட் 1 மாலை 5 மணிக்குத் தொடங்கிய கிளர்ச்சி 63 நாள் நீடித்தது. சோவியத்தின் செஞ்சேனை ஆற்றின் மறுகரையில் நின்றது, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் செத்தார்கள். அத்தோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சரணடைந்து, ஊரைக் காலி செய்த பிறகு, ஜெர்மானியப் படை தெருத் தெருவாக, வீடு வீடாகத் தீ வைத்தும் வெடி வைத்தும் அழித்தது. நூலகங்களையும் எரித்தார்கள், அரண்மனையையும் தகர்த்தார்கள். போர் முடியும்போது நகரத்தில் 85 சதவீதம் அழிந்திருந்தது. தலைநகரை வேறிடத்துக்கு மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தார்கள், அரசு அலுவலகங்கள் சில காலம் வூச்சில்தான் இயங்கின.

மறுபடி கட்டுவது என்று முடிவானது. எதைப் பார்த்துக் கட்டுவது? போருக்கு முன்பும் போரின் நடுவிலும் வார்சா பாலிடெக்னிக்கின் கட்டடக்கலைத் துறையினர் நினைவுச் சின்னங்களை அளந்து வரைந்து வைத்திருந்த படங்களை, கிளர்ச்சி முடிந்த கையோடு எடுத்துப்போய் பியோத்ர்குஃபில் ஒரு மடாலயத்தில் ஒளித்துவைத்திருந்தார்கள். அது போக, பதினெட்டாம் நூற்றாண்டில் அரசவை ஓவியராக இருந்த பெர்னார்தோ பெலோத்தோ வார்சாவின் தெருக்களை ஜன்னல் ஜன்னலாக வரைந்துவைத்திருந்தார். இந்தப் படங்களும் ஓவியங்களும் புகைப்படங்களும் இடிபாட்டிலிருந்து பொறுக்கிய கல்லுமாகச் சேர்த்து எழுப்பியதுதான் நீங்கள் பார்க்கும் பழைய நகரம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவர்கள் 1939இல் இருந்ததை அப்படியே திரும்பக் கட்டவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், அதாவது ரஷ்யா ஆண்ட காலத்தில், சேர்ந்த மாடிகளையும் ஒட்டுகளையும் கழித்துவிட்டு, நாடு நாடாக இருந்த காலத்து முகத்தை எடுத்து மாட்டினார்கள். முகப்பு பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு. உள்ளே குளியலறையோடு தொழிலாளர் குடியிருப்பு. நினைவுச் சின்னங்களின் பாதுகாப்புத் துறைக்குத் தலைமை தாங்கிய யான் ஸாஹ்வதோவிச்சுக்கு, பாரம்பரியத்தை இப்படிப் புதிதாகச் செய்வது கட்டடப் பாதுகாப்பின் விதிகளுக்கு விரோதம் என்பது நன்றாகவே தெரியும். ஒரு தேசத்தின் நினைவுச் சின்னங்களைத் திட்டமிட்டு அழித்தால் அதைச் சும்மா விட முடியாது என்பது அவர் கட்சி. யுனெஸ்கோவும் கல்லின் வயதைப் பார்க்கவில்லை, மறுபடி கட்டிய அந்தச் செயலைத்தான் பட்டியலில் சேர்த்தது. என்னைக் கேட்டால் இதைப் போலி என்று உதடு பிதுக்குவதும் தவறு, அசல் என்று சொல்லி ஏமாற்றுவதும் தவறு. அரச மாளிகை இன்னும் இளசு, 1971இல்தான் திரும்பக் கட்டவே தொடங்கினார்கள், செலவில் பெரும்பங்கு மக்கள் கொடுத்த நன்கொடை.

பழைய நகரத்திலிருந்து வடமேற்கே பத்து நிமிடம் நடந்தால் முரானூஃப். இங்கே தெரு மட்டத்திலிருந்து வீடுகள் மேடு மேடாக உயர்ந்திருக்கும், வாசலுக்குப் படியேறிப் போக வேண்டும். காரணம், அந்த மேடு முழுக்க யூதர் சேரியின் இடிபாடு. ஊரின் மூன்றில் ஒரு பங்கினரை மதில் எழுப்பி அடைத்துவைத்த இடம் அது. 1943 ஏப்ரலில் அங்கே எஞ்சியவர்கள் ஆயுதம் எடுத்தார்கள், ஜெர்மானியர் அதைத் தரைமட்டமாக்கினார்கள். அள்ளிக் கொட்ட முடியாத அளவுக்கு இடிபாடு குவிந்திருந்ததால் அதன் மேலேயே, அதை நொறுக்கிச் செய்த கற்களைக் கொண்டே, புதுக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். அழகிய சதுக்கம் ஒரு விதம் நினைவு வைத்திருக்கிறது, இந்த மேடு இன்னொரு விதம். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது. போலந்து யூதர்களின் ஆயிரம் ஆண்டு வரலாற்றைச் சொல்லும் போலின் அருங்காட்சியகமும் இங்கேதான்.

ஊர் நடுவே 237 மீட்டர் உயரத்தில் நிற்கும் பண்பாட்டு மாளிகை 1955இல் சோவியத் கொடுத்த பரிசு. இடிக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது, 2007இல் அதையும் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கிவிட்டார்கள்.

இனி இரண்டாவது ஆண்டு, 1945. போர் முடிந்தபோது வெற்றி பெற்ற வல்லரசுகள் போலந்தை அப்படியே தூக்கி மேற்கே நகர்த்தி வைத்தன. கிழக்கில் லுவூஃப், வில்னோ போன்ற ஊர்கள் சோவியத்துக்குப் போயின. அவை இன்று உக்ரைனில் லிவிவ், லித்துவேனியாவில் வில்னியஸ். ஈடாக ஜெர்மனியின் கிழக்குப் பகுதி கிடைத்தது. கூட்டிக் கழித்தால் சுமார் 3,89,000 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு சுமார் 3,12,000 ஆனது. எல்லையை மட்டுமா நகர்த்தினார்கள், மனிதர்களையும்தான். ஜெர்மானியர்களை மேற்கே துரத்தினார்கள், கிழக்கிலிருந்து போலந்துக்காரர்கள் மாட்டையும் மூட்டையையும் சரக்கு ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்து அவர்கள் வீடுகளில் குடியேறினார்கள்.

இந்தக் கிழக்குப் பகுதிக்கும் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1940இல் சோவியத் அங்கிருந்து சைபீரியாவுக்கு நாடு கடத்திய குடும்பங்களின் அநாதைக் குழந்தைகள் நூற்றுக்கணக்கானவர்களை, குஜராத்தின் நவாநகர் ஜாம் சாஹேப் 1942 முதல் பாலாசடியில் வைத்து வளர்த்தார். வார்சாவில் நல்ல மகாராஜா சதுக்கம் என்று அவர் நினைவாக ஓர் இடம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வருகிறேன் என்றதும் வயதான ஒருவர் மகாராஜா பேச்சை எடுத்தால் திகைக்க வேண்டாம்.

இந்த இடமாற்றம் எப்படி இருக்கும் என்று பார்க்க வ்ரொத்ஸ்வாஃபைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1945 தொடக்கத்தில் அது பிரெஸ்லாவ், முழு ஜெர்மானிய நகரம். மூன்று மாதம் முற்றுகையில் கிடந்து, பெர்லின் விழுந்து நான்கு நாள் கழித்து, மே 6 அன்று சரணடைந்தது. சில ஆண்டுகளில் அதன் மக்கள் அநேகமாக முழுவதும் மாறிவிட்டார்கள். லுவூஃப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் வந்தார்கள், அங்கிருந்த ஒஸ்ஸொலினெயும் என்ற நூலகத்தின் ஒரு பங்கு வந்தது. ரினெக்கில் ஃபிரெத்ரோ என்ற நாடக ஆசிரியரின் சிலை உட்கார்ந்திருக்கிறது. அவருக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சிலை லுவூஃபில் இருந்தது, அகதியைப் போலவே இதுவும் வந்து சேர்ந்து, பிரஷ்ய அரசரின் குதிரைச் சிலை நின்ற இடத்தில் 1956இல் அமர்ந்தது.

ரத்ஸ்வாவிட்சே போர்க் காட்சி ஓவியத்தின் கதையும் இப்படித்தான். 15 மீட்டர் உயரம், 114 மீட்டர் நீளம், வட்டக் கூடத்தின் சுவர் முழுக்கச் சுற்றி வரும். 1894இல் லுவூஃபில் வரைந்தது. 1794இல் அரிவாள் ஏந்திய விவசாயிகளோடு போலந்துத் தளபதி கொஷ்ச்யூஷ்கோ ரஷ்யப் படையைத் தோற்கடித்த காட்சி. ரஷ்யா தோற்பதைச் சோவியத் காலத்தில் எப்படி மாட்டிவைப்பது? நாற்பது வருடம் சுருட்டி வைத்திருந்து 1985இல்தான் வ்ரொத்ஸ்வாஃபில் திறந்தார்கள்.

வந்து குடியேறியவர்களுக்குப் பல காலம் மூட்டையைப் பிரிக்கவே மனம் வரவில்லை, ஜெர்மானியர் திரும்பி வந்துவிடுவார்களோ என்ற பயம். அரசோ இவற்றை 'மீட்கப்பட்ட நிலங்கள்' என்று அழைத்து, இடைக்காலத்தில் இங்கே போலந்து வம்சம் ஆண்டதைச் சொல்லிச் சொல்லி, ஜெர்மன் எழுத்துகளைச் சுரண்டி, கல்லறைத் தோட்டங்களை மட்டமாக்கியது. அதே அரசு இங்கிருந்து லட்சக்கணக்கில் செங்கல்லைப் பிரித்து ரயிலேற்றி வார்சாவுக்கு அனுப்பவும் செய்தது. வார்சாவின் பழைய நகரத்தில் ஜெர்மன் சூளையில் வெந்த செங்கல்லும் இருக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். 1965இல் வ்ரொத்ஸ்வாஃப் பேராயர் கொமினெக் எழுதிய கடிதத்தில் போலந்து ஆயர்கள் ஜெர்மானிய ஆயர்களிடம், மன்னிக்கிறோம், மன்னிப்பும் கேட்கிறோம் என்றார்கள். அன்று அரசு அவர்களைத் துரோகிகள் ஆக்கியது, இன்று அவருக்குச் சிலை. மேற்கு ஜெர்மனி எல்லையை ஏற்றது 1970இல், இறுதி ஒப்பந்தம் 1990இல். அப்புறம்தான் ஊர் தன் பழைய பெயரைக் கூச்சமில்லாமல் சொல்லத் தொடங்கியது. 2008இல், இடித்த ஜெர்மன் கல்லறைகளின் கற்களைக் கொண்டே ஒரு நினைவுச் சுவர் எழுப்பினார்கள். கால் வலிக்க எல்லோரும் தேடித் திரியும் குட்டிக் குள்ளர் சிலைகளும் விளையாட்டாக முளைத்தவை இல்லை. எண்பதுகளில் அரசுக்கு எதிரான வாசகங்களைச் சுவரில் எழுத, போலீசார் வெள்ளையடிக்க, அந்த வெள்ளைத் திட்டின் மேல் இளைஞர்கள் குள்ளர் படம் வரைந்து கேலி செய்தார்கள். அதன் வாரிசுகள் இவர்கள்.

க்தான்ஸ்க்கும் இதே வகைதான், ஆனால் இன்னும் தந்திரமாக. 1945 மார்ச்சில் எரிந்த நகரத்தை மறுபடி கட்டும்போது, 1793இல் பிரஷ்யா பிடிப்பதற்கு முந்தைய முகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், டச்சு பாணி முகப்புகள் தூக்கலாகத் தெரியும்படி. அதனால் நீண்ட சந்தைத் தெருவில் நடக்கும்போது ஹாலந்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். அம்பர் கடைகளில் நேரத்தைச் செலவிட்டுவிட்டுக் கப்பல் கட்டும் தளத்துக்குப் போகாமல் வந்துவிடாதீர்கள். 1980 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளிகள் 21 கோரிக்கைகளை இரண்டு ஒட்டுப்பலகையில் எழுதி வாசலில் தொங்கவிட்டார்கள். சாலிதார்னோஷ்ச் என்ற தொழிற்சங்கம் அங்கே பிறந்தது, எலக்ட்ரீஷியன் லேக் வவென்சா பத்து வருடத்தில் குடியரசுத் தலைவரானார். அந்தப் பலகைகளும் இன்று யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில்.

வூச்சில் அரசர்கள் வாழ்ந்த அரண்மனை கிடையாது. 1820இல் ஆயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர், ரஷ்யச் சந்தைக்குத் துணி நெய்தே 1914க்குள் ஐந்து லட்சம் பேர் வாழும் நகரமானது. போலந்துக்காரர், யூதர், ஜெர்மானியர், ரஷ்யர் என நான்கு மொழி பேசிய ஊர், போருக்குப் பின் ஒன்று. நான்கு கிலோமீட்டருக்கு மேல் நேர்க்கோடாக ஓடும் பியொத்ர்கொஃப்ஸ்கா தெருவும், கோட்டை மாதிரியான செங்கல் ஆலைகளும்தான் அதன் பாரம்பரியம். மற்றவர்கள் அழுக்கு ஊர் என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், தன்னை யாராகவும் காட்டிக்கொள்ளாத ஊர்.

தோருன் போரில் அவ்வளவாக அடிபடவில்லை, கோப்பர்நிக்கஸ் 1473இல் பிறந்த ஊர், இஞ்சியும் மசாலாவும் போட்ட பியெர்னிக் பிஸ்கட்டுக்குப் பேர்போனது. ஸாமோஷ்ச் 1580இல் ஒரு பிரபு இத்தாலியக் கட்டடக் கலைஞரை வைத்துக் காகிதத்தில் வரைந்தபடி கட்டிய நகரம். க்னியெஸ்னோ பேராலயத்தின் பன்னிரண்டாம் நூற்றாண்டு வெண்கலக் கதவைப் பார்க்க ஒரு மணி நேரம் போதும், ஆனால் பாருங்கள்.

சாப்பாட்டிலும் இந்த வரலாறு உண்டு. சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கைகொடுக்கும் பியெரோகி ருஸ்கியே, உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த கொழுக்கட்டை. ருஸ்கியே என்றால் ரஷ்ய என்று பொருள் இல்லை, பழைய கிழக்குப் பகுதியான ருத்தேனியாவைக் குறிப்பது. அங்கிருந்து வந்தவர்கள் சமையலோடு கொண்டுவந்தது. 2022க்குப் பிறகு வீண் வம்பு எதற்கு என்று சில கடைகள் உக்ரைனியக் கொழுக்கட்டை என்று பெயர் மாற்றிவிட்டன. மேலே வதக்கிய பன்றிக் கொழுப்பைத் தூவுவார்கள், வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மலிவாகச் சாப்பிட பார் மிலெச்னி என்ற பால்கடை உணவகங்கள்.

நாட்களையும் பார்த்துக் கிளம்புங்கள். ஆகஸ்ட் 1 மாலை 5 மணிக்கு வார்சாவில் இருந்தால் சங்கு ஒலிக்கும், பஸ்ஸும் காரும் நடக்கிறவர்களும் ஒரு நிமிடம் அப்படியே நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். நவம்பர் 1 அன்று நாடே கல்லறைத் தோட்டத்தில் இருக்கும், மாலையில் எந்த ஊர்க் கல்லறைக்குப் போனாலும் விளக்குக் கடல். அன்று ரயிலில் இடம் கிடைப்பது கஷ்டம், முன்பதிவு செய்துவிடுங்கள். மே 3, நவம்பர் 11 இரண்டும் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெரும்பாலான பெரிய கடைகள் மூடியிருக்கும், அரிசி பருப்பு எதுவானாலும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்புங்கள்.